கூட்டு மருந்து மையம்: மாத்திரைக்கு அஞ்சு ஸ்டார், கவுண்டருக்கு ரெண்டே ரெண்டு

ஓட்டலுக்கு, மிக்ஸிக்கு, செருப்புக் கடைக்கு எல்லாம் ரிவ்யூ இருக்கிறது. போய்த்தான் ஆகவேண்டும், வேறு வழியே இல்லை என்கிற எச்.ஐ.வி கூட்டு மருந்து மையத்துக்கு மட்டும் ஒருத்தரும் எழுதக் காணோம். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். சரி, நான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி பெயரும் ஊரும் போடமாட்டேன், போட்டால் என்னைக் கண்டுபிடிப்பது சுலபம், அங்கே இருக்கிற நல்ல டாக்டருக்கும் வீண் தொந்தரவு. நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். கஞ்சிக்கோடு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மாத்திரை வாங்குவதற்கு மட்டும் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன், ஏனென்றால் இங்கே ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் பின்னாலேயே ஒரு அத்தையோ சித்தப்பாவோ வந்து நிற்பார்கள். அந்தப் பக்கத்து ஆட்களும் இதே காரணத்துக்காக இந்தப் பக்கம் வருகிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. கோபாலபுரம் ரோட்டில் எதிரெதிரே போகிற ரெண்டு பஸ்ஸிலும் நம்ம ஆட்கள் இருப்பார்கள்போல.

முதலில் மாத்திரை. இதில் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். டி.எல்.டி என்று சொல்வார்கள், டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50, மூன்றும் சேர்ந்து ஒரே மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்று. சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். ஒரு பைசா கிடையாது. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி அரசு இந்த இலவசச் சிகிச்சையைத் தொடங்கியபோது நாடு முழுக்க எட்டே இடத்தில்தான் கிடைத்தது, அதில் ஒன்று தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி. அந்தக் காலத்து ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஸ்டாவுடின் என்கிற பழைய மருந்து போட்டுக் கன்னம் ஒட்டிப்போய், உள்ளங்கால் எரிந்து, முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடும் என்று பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். இப்போது அந்தக் கதையே இல்லை. எனக்கு உடம்பு கொஞ்சம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கம்பெனியில் 'என்ன, நல்ல சாப்பாடா' என்று கேட்கிறார்கள், சிரித்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கவனிக்கவேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் மாதிரி மருந்து, இதெல்லாம் போடுகிறவர்கள் டோலுடெக்ராவிரை அதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ போடவேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சரியாக ஏறாது. இதை எனக்குச் சொன்னது அங்கே இருந்த டாக்டர், நிதானமாக, பேப்பரில் கடிகாரம் மாதிரி வரைந்து காட்டி. டாக்டருக்கு அஞ்சு ஸ்டார், இன்னும் இருந்தால் அதையும் கொடுப்பேன்.

டப்பாவுக்கு மட்டும் மூணு ஸ்டார். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, உள்ளே முப்பது மாத்திரை, ஈரம் உறிஞ்சுவதற்கு ஒரு சின்னப் பொட்டணம். கையில் எடுத்தாலே கலகலவென்று சத்தம். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். கவுண்டரிலிருந்து வெளியே வந்ததும் பாதிப் பேர் செய்யும் முதல் வேலை, வேப்பமரத்தடியில் நின்று டப்பாவைத் திறந்து பஞ்சை அடைப்பது, லேபிளை நகத்தால் சுரண்டி எடுப்பது. மாத்திரையை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள், ஈரம் பட்டுக் கெட்டுவிடும் என்று உள்ளே படித்துப் படித்துச் சொல்கிறார்கள். சொல்வது சரிதான். ஆனால் மாமியார் இருக்கிற வீட்டில் அந்த டப்பாவை எங்கே வைப்பது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

இடம். மெயின் கேட்டில் நுழைந்து, மருந்தகம் தாண்டி, காசநோய்ப் பிரிவுக்குப் பின்னால். போர்டில் பெரிய எழுத்து. அந்தச் சந்தில் திரும்புகிற யாரும் வேறெங்கும் போகிறவர்கள் இல்லை என்று டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். உள்ளே போனால் முதலில் டோக்கன், பிறகு நம் கையில் கொடுத்திருக்கிற பச்சைச் சிகிச்சைப் புத்தகத்தை டேட்டா மேனேஜரிடம் கொடுக்கவேண்டும், அவர் மையத்தில் வைத்திருக்கிற நம்முடைய வெள்ளைக் கார்டைத் தேடி எடுப்பார், சிஸ்டர் எடை பார்ப்பார், இருமல் இருக்கா காய்ச்சல் இருக்கா என்று கேட்பார், கவுன்சலர், டாக்டர், கடைசியில் மருந்துக் கவுண்டர். வேலை நடக்கிற நேரம் மொத்தம் அரை மணிகூட வராது. மீதி எல்லாம் பெஞ்சு. காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வீடு. நாள் கூலிக்குப் போகிறவருக்கு இலவச மாத்திரையின் விலை அன்றைய கூலியும் பஸ் காசும் ஒரு சாப்பாடும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் விட்டுப் போனவர்களிடம் பேசினால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். எனக்குக் கூலி போவதில்லை, லீவு போகிறது. லீவு கேட்க ஒரு நோய் வேண்டுமே, நான் தைராய்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெஞ்சில் கேட்டுப் பார்த்தால் எல்லாரும் ஒரு நோய் வைத்திருக்கிறார்கள். ஒருத்தருக்கு சுகர், ஒருத்தருக்கு வலிப்பு, ஒரு பாட்டி கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் போவதாகச் சொல்லியே வருஷக்கணக்கில் வந்துகொண்டிருந்தார்.

இப்போது அந்த ரெண்டு ஸ்டாருக்கு வருகிறேன்.

எனக்குக் கொடுத்திருந்த தேதியன்று கேரளாவில் ஹர்த்தால். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, ஜங்ஷனில் டீக்கடைகூட இல்லை. மறுநாள் லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாள் போனேன். முன்பு கொடுத்ததில் கையில் மீதி இருந்ததால் ஒரு வேளைகூட மாத்திரை தவறவில்லை, டப்பாவையும் கையோடு கொண்டு போயிருந்தேன். அங்கே மீதி மாத்திரையைக் கொட்டி எண்ணிப் பார்ப்பார்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றஞ்சுக்கு மேல் போட்டிருக்கவேண்டும் என்று கணக்கு. மருந்துக் கவுண்டரில் இருந்த சிஸ்டர் எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. அப்புறம்தான் தேதியைப் பார்த்தார்.

"ஏம்மா, தேதி எழுதிக் கொடுக்கிறது எதுக்கு? சும்மா கிடைக்குதுன்னா இப்படித்தான் இளக்காரம்."

"கேரளாவில் ஹர்த்தாலுங்க சிஸ்டர், பஸ் ஓடலை."

"அது உங்க ஊரு ஹர்த்தால். இங்கே எல்லாரும் வந்தாங்கல்ல?"

பெஞ்சு முழுக்கக் கேட்கிற மாதிரி. அதற்குப் பிறகு என்னைத் திரும்பக் கவுன்சலரிடம் அனுப்பி, மாத்திரையை ஒழுங்காகப் போடவேண்டிய அவசியம் பற்றி ஒரு வகுப்பு. ஒழுங்காகப் போட்டதற்கு அத்தாட்சி மேசை மேல் கொட்டிக் கிடக்கிறது. எனக்கு ரோஷம் வந்ததோடு சரி, மறுபடியும் போனேன். எல்லாரும் போவார்களா?

அங்கே பழக்கமான ஒரு லாரி டிரைவர் அண்ணன் போகவில்லை. அவருடையது டி.எல்.டி வருவதற்கு முந்தைய காலம், எஃபாவிரென்ஸ் 600 சேர்ந்த மாத்திரை. ராத்திரி படுக்கும்போது போடவேண்டியது. போட்டால் தலை கிறுகிறுக்கும், கண்ட கண்ட கனவு வரும், சித்தூர்க் கள்ளை ரெண்டு குடம் இறக்கின மாதிரி இருக்கும் என்பார். வாளையாரில் லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக சேலம் போகிற மனுஷன் அதைப் போட்டுவிட்டு ஸ்டியரிங் பிடிக்க முடியுமா? டிரிப் இருக்கிற நாளில் விட்டுவிடுவார், இல்லாத நாளில் போடுவார். எண்ணிக்கையில் மாட்டிக்கொள்வோமே என்று மிச்ச மாத்திரையை ஆஸ்பத்திரி வாசலில் சாக்கடையில் கொட்டிவிட்டு உள்ளே போவார். அவருக்கு இருந்த பிரச்சினை வேலை நேரம், மாத்திரை நேரம் ரெண்டும் ஒத்துப்போகாதது, அதை ஒருத்தரிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார்கள் என்று பயம். ஒருமுறை டிரிப் நீண்டு தேதி தவறிவிட்டது. போனார், வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த முறை தவறியபோது திட்டு வாங்கப் போகவேண்டாம் என்று விட்டுவிட்டார், ஒரு வாரம் ஒரு மாதமாகி, ஒரு மாதம் வருஷமாகிவிட்டது. தேதி தாண்டி மூணு மாசம் வராவிட்டால் அவர்கள் கணக்கில் 'தொடர்பு விட்டவர்'. உடம்பு முதலில் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இந்த நோயின் கெட்ட குணம். நிறுத்தினால் சில வாரத்திலேயே வைரஸ் ஏறிவிடும், ஆனால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. காய்ச்சலும் இருமலுமாக அவர் திரும்பி வந்தபோது காசநோய். எச்.ஐ.வி உள்ளவர்களை அதிகம் கொண்டுபோவது காசநோய்தான். அவர் பிழைத்துக்கொண்டார். காசநோய்க்குப் போட்ட ரிஃபாம்பிசின் மருந்து டோலுடெக்ராவிரின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால், டி.எல்.டி-யோடு டோலுடெக்ராவிர் மட்டும் தனியாக இன்னொன்று சேர்த்துக் கொடுத்தார்கள், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பகலில் போடுகிற மாத்திரை, தலை சுற்றல் இல்லை, இதை முதலிலேயே கொடுத்திருந்தால் நான் ஏன் ஓடப்போகிறேன் என்று கேட்கிறார். முதலில் இது இல்லையே அண்ணா, என்ன செய்வது. தமிழ்நாடு, கேரளா என்று இல்லாமல் நாடு முழுக்க 2020-ஐ ஒட்டித்தான் மாற்றினார்கள்.

இன்னொரு பெண். கல்யாணமாகி ஒரு குழந்தை. வீட்டில் புருஷனுக்கு மட்டும் தெரியும். மாத்திரையைக் கடலைமாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு தேதிக்கு வராதபோது மையத்திலிருந்து போன் செய்திருக்கிறார்கள், நல்ல எண்ணத்தில்தான். அவள் கொடுத்திருந்தது தம்பியின் நம்பர், எடுத்தது தம்பி மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம் என்றார்கள், எந்த ஆஸ்பத்திரி, என்ன வியாதி என்று அந்தப் பக்கம் கேள்வி. நோயின் பெயரை இவர்கள் சொல்லவில்லை, பாராட்டவேண்டும். ஆனால் அதற்கப்புறம் அந்த நம்பர் வேலை செய்யவில்லை, அவளும் வரவில்லை. வேறு எங்காவது மருந்து எடுக்கிறாளா, இல்லையா, ஒன்றும் தெரியாது. பெஞ்சில் அவளைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள்.

பொய் விலாசம், பொய் நம்பர் கொடுக்கிறார்கள் என்று ஊழியர்கள் குறைப்படுவது உண்டு. கொடுக்கத்தான் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பைக்கில் தெரியாத ஆள் வந்து பெயர் சொல்லி விசாரித்தால் தெரு முழுக்க ஜன்னல் திறக்கும் என்கிற ஊரில் வேறு என்ன கொடுப்பார்கள்? இதற்கு வழி இருக்கிறது. எந்த நம்பரில், எந்த நேரத்தில், என்ன சொல்லிக் கூப்பிட்டால் பரவாயில்லை என்று முதல் நாளே நம்மிடம் கேட்டு எழுதிக்கொண்டால் போதும். என்னிடம், பின்னால் நான் மாறிப்போன இரண்டாவது மையத்தில் அப்படிக் கேட்டார்கள். 'துணிக்கடையிலிருந்து பேசுகிறோம், தைக்கக் கொடுத்தது ரெடி' என்று சொல்லச் சொன்னேன், சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அந்த இரண்டாவது மையம் எனக்குக் கிடைத்தது 2020 ஊரடங்கில். எல்லையில் தடுப்பு வைத்துவிட்டார்கள், வாளையாரில் பாஸ் இல்லாமல் ஜனங்கள் வெயிலில் நின்றதை டிவியில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கையில் இருந்த மாத்திரை தீர்ந்துகொண்டே வருகிறது. போன் செய்தேன், நான் திட்டு வாங்கிய அதே மையத்துக்குத்தான், எடுத்தவர் அங்கேயே மாத்திரை போடுகிற பாசிட்டிவ் அக்கா ஒருத்தர், கேர் கோஆர்டினேட்டர் வேலையில் இருப்பவர். "பயப்படாதே கண்ணு, பச்சைப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு உங்க பக்கமே இருக்கிற மையத்துக்குப் போ, கொடுக்கச் சொல்லி உத்தரவு இருக்கு, நானும் பேசுறேன்" என்றார். கேரளாவில் இந்த மையங்களுக்கு உஷஸ் என்று பெயர். பயந்துகொண்டே போனேன். மொத்தமாகக் கொடுத்தார்கள், மாசாமாசம் அலையவேண்டியதில்லை என்றார்கள். உறவுக்காரர் ஒருத்தரும் பின்னால் நிற்கவில்லை, அல்லது நின்றார்களோ என்னவோ, முகக்கவசத்துக்கு நன்றி.

பிறகு டிரான்ஸ்ஃபர் கடிதம் வாங்கி இங்கேயே மாறிவிட்டேன். அந்தக் கடிதம் வாங்குவது தனிக் கதை, அதற்காகவே ஒரு பகல் போனது. கொத்து வேலைக்குத் திருப்பூர், எர்ணாகுளம் என்று திடீரென்று கிளம்புகிறவர்கள் இந்தக் கடிதத்துக்குக் காத்திருக்க மாட்டார்கள், கிளம்பிப் போய்விடுவார்கள், புது ஊரில் புத்தகம் இல்லாமல் போய் நின்று பேச்சு வாங்குவார்கள், அத்தோடு சரி. பழைய மையத்தில் அவர் காணாமல் போனவர். சில பேர் புது ஊரில் புதிதாக ரத்தப் பரிசோதனை செய்து புது ஆளாகப் பதிந்துகொள்வதும் நடக்கிறது, அவர் அங்கே மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார், இங்கே தொலைந்தவர் பட்டியலில் இருப்பார். தொலைந்தவர் எல்லாம் தொலைந்தவர் இல்லை. செத்துப்போய் யாரும் சொல்லாமல் விட்டவர்களும் அதே பட்டியலில்தான்.

இங்கே இரண்டாவது இடத்தில் கட்டிடம் சுமார், மின்விசிறி ஒன்று சுற்றாது, மலையாளம் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்குச் சுவரில் ஒட்டியிருப்பது ஒன்றும் புரியாது. ஆனால் தேதி தவறி வந்தவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். நாலைந்து மாசம் வராமல் இருந்த ஒரு வயதானவர், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு செருப்பைக் கழட்டவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் பார்த்துவிட்டு, "வாங்க சேட்டா, சாப்பிட்டீங்களா, எடை பார்த்துருவோம்" என்றார். அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்ற கேள்வி எடை, இருமல், காய்ச்சல் எல்லாம் முடிந்து, சிடி ஃபோர் என்கிற எதிர்ப்புச் சக்தி அணுக்களை எண்ண ரத்தம் எடுத்து, டாக்டர் பார்த்த பிறகு வந்தது, அதுவும் தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அன்றைக்கே கையில் மாத்திரை. என்னைக் கேட்டால் இந்தத் திட்டம் ஜெயிப்பதும் தோற்பதும் அந்தக் கதவில்தான். முதல் நாள் வருகிறவரை எல்லா இடத்திலும் அன்பாகத்தான் பார்க்கிறார்கள். விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர் ஏற்கெனவே பாதி செத்த மாதிரி வெட்கத்தோடு வருகிறார், அவரைத் திட்டினால் அடுத்த முறை வரவே மாட்டார்.

2017-லிருந்து பாசிட்டிவ் என்று தெரிந்தாலே சிடி ஃபோர் எவ்வளவு இருந்தாலும் மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள். நல்ல விஷயம். திட்டம் தொடங்கிய காலத்தில் 200-க்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஆனால் அப்போது மாத்திரை போட்டுப் படுக்கையிலிருந்து எழுந்தவருக்கு அதன் அருமை தெரியும், இப்போது நல்ல உடம்போடு தொடங்குகிறவருக்கு 'எனக்குத்தான் ஒன்றுமில்லையே' என்று தோன்றும். அவர்களிடம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்கிற ரிப்போர்ட்டை எடுத்து வைத்து விளக்கவேண்டும். என்னுடையதில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவு என்று வந்தபோது, இப்படியே இருந்தால் உடலுறவில்கூட இன்னொருவருக்குப் பரவாது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபிறகு மாத்திரையை விட எனக்கு மனசு வருமா? இந்த ஒரு வாக்கியத்தை இத்தனை பேருக்கு ஏன் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று புரியவில்லை.

மருந்து இருப்பு பற்றியும் சொல்லவேண்டும். 2022-இல் சில மருந்துகளுக்குத் தட்டுப்பாடு என்று டெல்லியில் நாகோ என்கிற தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தின் முன்னால் நம்ம ஆட்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். மாசத்துக்கு வருகிறவரிடம் பத்து நாளுக்கு மட்டும் கொடுத்து அனுப்பினால் அவர் அந்த மாசம் மூணு கூலியை இழக்கவேண்டும். தேதியை நாங்கள் தவறவிட்டால் வகுப்பு எடுக்கிறீர்களே, நீங்கள் தவறவிட்டால் யார் எடுப்பது?

புகார் எங்கே கொடுப்பது என்றும் தேடிப் பார்த்தேன். 2017-இல் போட்ட எச்.ஐ.வி சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. பாகுபாடு கூடாது, நம் நிலையை நம் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது, இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கிற மருத்துவ நிறுவனத்தில் புகார் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் திட்டு வாங்கிய இடத்தில் கை கழுவுவது எப்படி என்று ஏழு படம் ஒட்டியிருந்தார்கள், புகார் அலுவலர் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

சரி, ஸ்டார் கணக்கு: மாத்திரை அஞ்சு, டாக்டர் அஞ்சு, கேர் கோஆர்டினேட்டர் அக்காவுக்கு அஞ்சு, டப்பா மூணு, கவுண்டர் ரெண்டு, அந்த ரெண்டும் மருந்து எடுத்துக் கொடுக்கிற தம்பி முகத்துக்காக.

புதிதாகப் போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை போகாதீர்கள், கூட்டம். ஒழுங்காக எடுக்கிறவர்களுக்கு மூணு மாசத்துக்குச் சேர்த்துக் கொடுக்க வழி உண்டு, அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். வேலைக்கு வெளியூர் கிளம்பினால் பச்சைப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், போகிற ஊர் மையத்தில் டிரான்சிட் என்று சொன்னால் மாத்திரை வாங்கலாம். எந்த மையம் பக்கம் என்று தெரியாவிட்டால் 1097-க்கு அடியுங்கள், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். நடுவில் விட்டவர்கள் அப்படியே பழைய டப்பாவிலிருந்து தொடங்காமல் ஒரு நடை போய்க் காட்டிவிட்டுத் தொடங்குங்கள், காசநோய் இருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருக்கும். முதல் மையத்தில் மதியச் சாப்பாட்டுக்கு மருந்துக் கவுண்டரைச் சாத்திவிடுவார்கள், அதற்கு முன்னால் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்துவிடுகிற மாதிரி காலையில் முதல் பஸ்ஸையே பிடியுங்கள்.